அத்தானுக்குத் தெரிந்த கை

சான் ரோமான்
1944 பிப்ரவரி 11, வெள்ளி

மாதா துணை.

அன்புள்ள தம்பிக்கு உன் அக்கா எழுதுவது.

நேற்றுக் காலையில் மீன்காரி தெக்லா வாசலில் கூடையை இறக்கிவைத்து, "கருவாடு வேணுமா சிசாங்? அடியில இருக்கறதுதான் நல்ல கருவாடு" என்று கண்ணைக் காட்டினாள். கையை விட்டுத் துழாவினால் ஒரு மூங்கில் குழாய், அதில் உப்பு, உப்புக்குள் சுருட்டிய தாள். உன் கையெழுத்து. ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அழாதடி, எதிர்வீட்டுக்காரி பார்க்கிறா, கருவாடு அழுகிடுச்சுன்னு என் யாவாரம் கெட்டுடும்" என்று தெக்லா அதட்டினாள்.

நீ நம் தீவை விட்டுக் கலிபோர்னியாவுக்குக் கப்பலேறி எட்டு வருடம் ஆகிறது. சண்டை வந்தபிறகு ஒரு வரி இல்லை. செத்துவிட்டாய் என்று நினைத்து உனக்குப் பூசைகூட வைத்துவிட்டோம். இப்போது நம் மலையிலேயே இருக்கிறேன் என்று எழுதுகிறாய்! அம்மா போய்விட்டாளடா. போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் மலேரியா. கொயினா மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு நாள் என்னை லாரியோ என்றுதான் கூப்பிட்டாள். நானும் உன் பெயருக்கே ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தான் நலம். சண்டையில் தந்தி ஆபீஸை மூடிவிட்டபிறகு மரவள்ளி போடுகிறார், பிறருக்கு வலை முடைந்து தருகிறார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இரண்டு வயிறுதானே. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஜப்பான்காரர்களுக்குத் துணி துவைக்கிறேன். ஊரில் பாதிப்பேர் என்னைப் பார்த்தால் துப்புகிறார்கள். ரொட்டிக்கடை செவெரோ மட்டும்தான் பழையபடி பேசுகிறான். மரவள்ளி மாவில் ரொட்டி சுட்டு, "இதைத் தின்னவன் ஜப்பான்காரன்கிட்ட தனியா அடி வாங்க வேண்டியதில்ல, சிசாங்" என்று சிரித்துக்கொண்டே ஒன்றைக் கையில் திணிப்பான். அவன் மனைவி பசிலிசாவும் நல்லவள்.

துறையில் எந்தக் கப்பல் நிற்கிறது என்று கேட்டிருந்தாய். துணியைக் கடற்கரைக் கற்களில்தான் காயப்போடுகிறேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு படகும் போக முடியாது. நேற்றுப் பெரிய கப்பல் இரண்டு, எண்ணெய்க் கப்பல் ஒன்று. தெற்கே போயின. இது போதுமா?

பயமாக இருக்கிறது தம்பி. படித்ததும் எரித்துவிடு.

உன் அன்புள்ள அக்கா

---

மலையிலிருந்து
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு அன்று சாப்பிட முடியவில்லை. நீ வைத்த பூசை வீண்போகாது, இன்னும் தேவைப்படும் என்று நினைத்துக்கொள்.

எப்படி வந்தேன் என்று கேட்காதே. வேதத்தில் வரும் யோனாவைப் போல, கடலுக்கடியில் ஓர் இரும்பு மீனின் வயிற்றில் வந்தேன் என்று வைத்துக்கொள். என் வேலை தந்தி அடிப்பது. கம்பியில்லாத தந்தி. பெட்டி ஒன்று, அதற்கு மின்சாரம் கொடுக்கச் சின்ன என்ஜின். பெட்ரோல் ஏது? தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்துத்தான் ஓட்டுகிறோம். என்ஜினுக்குப் போகும் வழியில் பாதி காணாமல் போகிறது. "அதுவும் குடிக்குது, நாங்களும் குடிக்கிறோம், சண்டை எல்லாருக்கும் பொதுதானே சார்" என்கிறார்கள் இங்குள்ள ஆட்கள்.

தினமும் மாலை நான்கு மணிக்கு, கடலுக்கு அப்பால் வெகுதூரத்தில் ஒருவன் எனக்காகக் காத்திருப்பான். பதினைந்து நிமிடத்துக்குமேல் அடிக்கக் கூடாது. அடித்து முடித்ததும் மரத்திலிருந்து கம்பியை இறக்கி, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேறு சரிவுக்குப் போய்விடுவோம். நீ எண்ணிய மூன்று கப்பலையும் உன் கடிதம் வந்த அன்றே அனுப்பினேன். நீ கண்ணால் பார்த்தது, நான் அடித்த பத்து நிமிடத்தில் ஆஸ்திரேலியாவில் இருந்தது, அக்கா.

பயம் உனக்கு மட்டும் இல்லை. ஒன்று சொல்கிறேன். என்னோடு பயிற்சி எடுத்தவன் ஒருவன் பக்கத்துத் தீவில் இருந்தான். புள்ளியும் கோடுமாகத் தந்தி அடிப்பதில் ஒவ்வொருவர் கையும் ஒரு விதம். நடையைப் போல, குரலைப் போல. அவன் கை ஓடுகிற கை. போன வாரம் அவனுடைய அழைப்பு வந்தது. எழுத்தெல்லாம் சரி, கை அவனுடையது அல்ல. யாரோ அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்கே இருக்கிறாய்?" என்று என்னைக் கேட்டார்கள். பதில் சொல்லாமல் மூடிவிட்டேன். அவன் என்ன ஆனான் என்று நினைக்காமல் இருக்கத்தான் தினமும் பாடுபடுகிறேன்.

அத்தானிடம் என்னைப் பற்றிச் சொல்லாதே. அவர்மேல் சந்தேகம் இல்லை. தெரியாததை யாரும் அடித்து வாங்க முடியாது, அதனால்தான்.

உன் பிரியமுள்ள தம்பி

---

சான் ரோமான்
ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் அந்தப் பெட்டியை மூடிவிடு. ஒரு மாதமாவது தொடாதே.

பெரிய வெள்ளிக்குப் பிறகு வந்த புதன்கிழமை ஜப்பான்காரர்களுடைய மொழிபெயர்ப்பாளன் இரண்டு சிப்பாய்களோடு வீட்டுக்கு வந்தான். "தந்தி ஆபீஸ் மாக்சிமோ யாரு? இருபது வருஷம் சர்வீஸாமே?" என்றான். அத்தான் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மாலையில் திரும்பி வந்தார், மேலில் ஒரு கீறல் இல்லை. கையில் ஒரு பை அரிசி. அரிசியைக் கண்டு எத்தனை மாதம்! அதைக் கையில் வாங்காமலே கேட்டேன்.

"என்ன வேலை குடுத்தாங்க?"

"கேக்கற வேலை."

"எதைக் கேக்கறீங்க?"

"மழைச் சத்தம் மாதிரி ஒண்ணு கேக்கும். அதைத்தான்."

அவ்வளவுதான். தினமும் மத்தியானம் போகிறார். ஜப்பான் சார்ஜென்ட் ஒகுமுராவின் அறையில் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, துணி எடுக்கப் போனபோது நானே கண்டேன்.

உனக்கு யார் தந்தி கற்றுக்கொடுத்தது, தம்பி? ஆபீஸ் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்ற உன்னை உள்ளே கூப்பிட்டு, மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது அத்தான்தானே? இந்த மாகாணத்தில் தந்தி அடித்த எவன் கையும் அவருக்குத் தெரியும் என்றுதானே அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

பதினாறு வருடம் குடித்தனம் செய்த மனிதனை நான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் சாப்பிடும்போது பார்க்கிறேன், கால் கழுவும்போது பார்க்கிறேன். அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

அக்கா

---

மலையிலிருந்து
ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

மூட முடியாது. நான் ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பக்கம் என்னைப் பிடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு நானே வந்தாலும் நம்பமாட்டார்கள். நேரத்தை மாற்றவும் என்னால் ஆகாது. ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். ஐந்து நாளாக இடது கையால் அடிக்கிறேன். மெதுவாகப் போகிறது, கை ஓய்ந்துபோகிறது. அத்தானாலேகூடக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கப்பல் கணக்கை நிறுத்தாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

---

சான் ரோமான்
மே 9

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாடு போட்டேன். கருவாடும் வினிகரும். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"சிசாங், இடது கையில அடிக்க வேணாம்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்தத் தம்பி? என்ன பேசறீங்க?"

"நமக்கு எத்தனை தம்பி இருக்கான்?"

"அவன்தான் செத்துட்டானே..."

"செத்தவன் தினம் நாலு மணிக்கு வந்துடறானே. முதல் நாளே தெரியும், சிசாங். காதுல மாட்டி அஞ்சு நிமிஷம் ஆகல. ஒவ்வொரு வார்த்தை முடியறப்பவும் கடைசிக் கோட்டை ஒரு இழுப்பு இழுப்பான். தாளம் தப்புதுடா தப்புதுடான்னு பன்னெண்டு வயசுலயே தலையில குட்டினேன், திருந்தல. இடது கையிலயும் அதே இழுப்பு. நொண்டிக்கிட்டு வருது, அவ்வளவுதான். திடீர்னு ஒருத்தன் நொண்டினா ஜப்பான்காரனுக்கே சந்தேகம் வரும். வலது கையிலேயே அடிக்கச் சொல்லு."

நான் அழுதேன். அவர் சோற்றைத் தின்றுகொண்டே இருந்தார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"இது நம்மூர்ல படிச்ச கை இல்ல, அமெரிக்காக்காரன் கை, சேபு தீவுப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சொன்னேன்."

"நம்பினானா?"

"சிரிச்சான். அவன் எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்கு எப்பவுமே புரியல." தட்டை நகர்த்திவிட்டு, "துணி காயப்போட்டுக்கிட்டு நீ எதை எண்ணறேன்னும் தெரியும். எண்ணறப்ப உதட்டை அசைக்காத. அசைக்கிற" என்றார்.

எப்பேர்ப்பட்ட மனிதனைச் சந்தேகப்பட்டேன், பார். ஆனால் பயம் குறையவில்லை, தம்பி. இரண்டு மடங்காகிவிட்டது. தெரியாததை அடித்து வாங்க முடியாது என்று எழுதினாயே. இப்போது அவருக்கு எல்லாமே தெரியும்.

இந்த வாரம் பெரிய கப்பல் நான்கு. சிப்பாய்கள் நிறைய.

அக்கா

---

சான் ரோமான்
ஜூன் 13

தம்பிக்கு,

மே மாதக் கடைசியில் இலோய்லோ நகரத்திலிருந்து ஒரு லாரி வந்தது, தலைமேல் வட்டக் கம்பியோடு. இரண்டே நாளில் உன் சத்தம் சேபுவிலிருந்து வரவில்லை, நம் மலையிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று வேலைக்குப் போன அத்தான் வீடு திரும்பவில்லை. ஒன்பது நாள். துணி எடுக்கப் போனால் வாசலிலேயே கொடுத்து விரட்டினார்கள். ஏழாம் நாள் மூட்டையில் அத்தானுடைய சட்டை இருந்தது, துவைக்கச் சொல்லி. துவைத்தேன். அந்தத் தண்ணீரின் நிறத்தை உனக்கு எழுதமாட்டேன்.

நற்கருணைத் திருநாளன்று பூசை முடிந்து வெளியே வந்தோம். கோவிலைச் சுற்றிச் சிப்பாய்கள். எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக வெயிலில் உட்காரவைத்தார்கள். நான் நான்காவது வரிசை. பசிலிசா என் பக்கத்தில். அவள் புருஷன் செவெரோ எங்களுக்கு நேர் முன்னால்.

பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒருவனை நடத்திவந்தார்கள். தலையில் கோணிப்பை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யார் முன்னால் நின்று தலையசைக்கிறானோ அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். இப்படிப் பக்கத்து ஊர்களில் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நம்மூரில் இதுதான் முதல்முறை. எனக்கு அந்த ஆளின் கால்தான் தெரிந்தது. வெறுங்கால். இரண்டு பெருவிரலிலும் நகம் இல்லை.

அது அத்தானின் கால், தம்பி.

முதல் வரிசை, இரண்டாவது வரிசை, அசைவே இல்லை. ஒகுமுரா கோபத்தில் அவர் முதுகில் தடியால் குத்தினான். "ஒருத்தன்கூட இல்லையா? இந்த ஊர்ல எல்லாரும் பாவமே அறியாத சம்மனசுகளா?" என்று மொழிபெயர்ப்பாளன் கத்தினான். மூன்றாவது வரிசையில் பாதி வந்தபோது ஒகுமுரா நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் பெயரை மொழிபெயர்ப்பாளனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அதே நிமிடம் கோணிப்பை அசைந்தது. செவெரோவின் முன்னால்.

"நானா?" என்றான் செவெரோ. "ஐயா, நான் ரொட்டி சுடறவன்! நீங்க தின்ன ரொட்டி ஐயா!"

பசிலிசா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கடற்கரைக்கு இழுத்துப்போனபோதும் விடவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டபிறகுதான் விட்டாள்.

அத்தானை மறுநாள் அனுப்பிவிட்டார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை பேசினார். "அவன் கண்ணு உன்கிட்ட வந்துடுச்சு, சிசாங். யாரையாவது குடுத்தாத்தான் அன்னிக்கு முடியும். முன்னால யார் இருந்தான்னுகூட நான் பார்க்கல." பிறகு, "பார்த்தேன். பொய் சொல்றேன். பார்த்தேன்" என்றார்.

நீயும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

அக்கா

---

மலையிலிருந்து
ஜூலை 10

அன்புள்ள அக்கா,

நான்கு தடவை இடம் மாறிவிட்டோம், அதனால்தான் தாமதம். லாரி அடிவாரம்வரை வந்தது. ஒரு நாள் அவர்கள் நாய் குரைப்பது கேட்கும் தூரத்தில் அடித்தேன்.

கோணிப்பைக்குள் இருந்தது யார் என்று இங்கேயும் தெரிந்துவிட்டது. எங்கள் கொரில்லாப் படைக் கேப்டனிடம் ஒரு பட்டியல் உண்டு. காட்டிக்கொடுத்தவர்கள் பட்டியல். அதில் அத்தான் பெயர் ஏறியிருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதம் என் கையைத் தெரிந்தும் வாய் திறக்காதவர், அவர் இல்லையென்றால் நான் என்றோ செத்திருப்பேன் என்றேன். கேப்டன் கேட்டுவிட்டு, "அப்படின்னா மேல வரச் சொல்லு. இங்க இருந்தா அவனுக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு. கீழ இருந்தா மறுபடியும் பிடிப்பாங்க" என்றார். ஒரு தீங்கும் வராது என்று என் எதிரில் சிலுவை போட்டுச் சொன்னார்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை தெக்லாவோடு அனுப்பு. ஆற்றைக் கடக்கும் துறையில் எங்கள் ஆட்கள் நிற்பார்கள். அத்தானுக்கு நான் பொறுப்பு.

உன் தம்பி

---

சான் ரோமான்
ஜூலை 20, காலை

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தெக்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தான் வர மறுத்தார். "நான் செஞ்சதுக்கு இங்கயே இருந்து அனுபவிக்கறேன்" என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "லாரியோ எழுதியிருக்கானா? அவனே எழுதினதா?" என்று வாங்கிப் பார்த்தார். அதன்பிறகுதான் எழுந்து சட்டையைப் போட்டார். பாதம் இன்னும் ஆறவில்லை, மெதுவாக நடக்கவிடு. வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

---

சான் ரோமான்
ஆகஸ்ட் 8

தம்பி,

மூன்று வாரம் ஆகிறது. துறைவரை கொண்டுவிட்டுத் திரும்பிவிட்டேன் என்பதோடு தெக்லா வாயை மூடிக்கொள்கிறாள். வந்தாரா? ஒரே ஒரு வரி.

அக்கா

---

மலையிலிருந்து
ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்கா,

அத்தான் நலம். வடக்கே வேறு முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே தந்தி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அங்கிருந்து கடிதம் வராது, கவலைப்படாதே. கப்பல் கணக்கு முன்னைவிட இப்போது அவசியம்.

தம்பி

---

சான் ரோமான்
செப்டம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அத்தானுக்கு மறுபடி தந்தி வேலை! இந்த மூட்டையில் ஒரு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன், அபாக்கா வாழைநாரில் நெய்த துணிதான், வேறு கிடைக்கவில்லை. வடக்கே போகிறவர்களிடம் கொடுத்துவிடு. போன வாரம் அமெரிக்க விமானங்கள் வந்தன. நான் எழுதியனுப்பிய கப்பல்களில் ஐந்து துறையிலேயே எரிந்தன. அத்தானிடம் சொல்லச் சொல்லு, நான் இப்போது உதட்டை அசைப்பதில்லை.

உன் அன்புள்ள அக்கா

---

சான் ரோமான்
1945 மே 6

ஹிலாரியோவுக்கு,

சண்டை ஓய்ந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. வடக்கு முகாமிலிருந்து எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் வருகிற சாலையில் தினமும் நின்றேன். ஒவ்வொருவரையும் கேட்டேன். மாக்சிமோ என்ற பெயரையே அங்கு யாரும் கேட்டதில்லை.

பிறகு தெக்லாவைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் காலில் விழுந்தாள். "வாயைத் திறந்தா உன்னையும் வெட்டுவோம்னாங்க சிசாங். கேப்டன் அவர்கிட்ட பேசி முடிக்கிற வரைக்கும் என்னை உக்கார வச்சிருந்தாங்க, அப்புறம்தான் நான் திரும்பி நடந்தேன். பத்தடிகூட போகல. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு" என்றாள்.

மறுநாள் நான் பசிலிசாவிடம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கோணிப்பைக்குள் இருந்தது என் புருஷன், என்னைக் காப்பாற்ற உன் புருஷனைக் கொடுத்தார் என்று சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "அன்னிக்கே தெரியும்" என்றாள். "உன் கையைத்தானே பிடிச்சுக்கிட்டிருந்தேன். கோணிப்பையைப் பார்த்ததும் உன் கை சில்லுன்னு போச்சு. உன் முகத்தைப் பார்த்தேன். தெரிஞ்சுது." இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்கிட்ட சொல்ல? ஜப்பான்காரன்கிட்டயா? மலையில இருக்கறவன்கிட்டயா? இன்னொருத்தி புருஷனையும் பறிக்கறதுக்கா?" என்றாள். பிறகு என்னை உட்காரச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம்வரை அழுதோம்.

அவளிடம் சொல்லவேண்டியதை நான் சொல்லிவிட்டேன். நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உனக்கு எப்போது தெரியும்? கேப்டன் உன்னை ஏமாற்றினானா? நீயும் என்னைப்போலப் பிறகு தெரிந்துகொண்டவனா? கடிதத்தில் எழுதாதே. வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நார்சிசா

---

இலோய்லோ
மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

வரத்தான் கிளம்பினேன். படகுத்துறைவரை வந்து திரும்பிவிட்டேன். உன் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது. எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

கேப்டன் ஏமாற்றினார். அத்தான் வந்த அன்று மாலை மூன்றேமுக்கால்வரை எனக்கு எதுவும் தெரியாது. அத்தானுக்காக ஒரு பாய் வாங்கி வைத்திருந்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு சிப்பாய் ஏறி வந்து, "உங்க அத்தான் துறைக்கு வந்துட்டாரு சார். இதை உங்ககிட்ட முதல்ல குடுக்கச் சொன்னாரு" என்று ஒரு சேதி சொன்னான். வருகிற வழியில் குன்றின்மேலிருந்து அத்தானே கப்பல்களை எண்ணியிருக்கிறார். பதினொன்று, அதில் இரண்டு எண்ணெய்க் கப்பல், காலை ஏழு மணிக்குத் தெற்கே போயின.

"அவர் எங்கே? ஏன் மேலே கூட்டிவரல?" என்று கேட்டேன்.

"கேப்டன் பேசிக்கிட்டிருக்காரு சார்." அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "மூணு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. அரிவாளோட."

எனக்குப் புரிந்துவிட்டது. மணி நாலுக்குப் பத்து. துறைக்கு இறங்க இருபது நிமிடம் ஆகும். ஓடினால் குறையும். கத்திக்கொண்டே ஓடியிருந்தால் கேட்டிருக்கும். கடலுக்கு அப்பால் அந்த ஆள் காத்திருப்பான், பதினொரு கப்பல், எண்ணெய்க் கப்பல் இரண்டு என்று என் தலை சொல்லிக்கொண்டே இருந்தது. நான் உட்கார்ந்தேன், அக்கா. அத்தான் எண்ணிக் கொடுத்த கப்பல்களை அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பாமல் அடித்தேன். முடித்துவிட்டு ஓடினேன்.

ஆகஸ்டில் எழுதிய பொய்யும் என்னுடையதுதான். உண்மை தெரிந்தால் நீ கப்பல் எண்ணுவதை நிறுத்திவிடுவாய் என்றார் கேப்டன். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. நீ அனுப்பிய சட்டை என்னிடம்தான் இருக்கிறது. நான் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் எனக்குப் பதக்கம் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. நான் வரலாமா? வாசலில் நிற்கிறேன், உள்ளே கூப்பிடக்கூட வேண்டாம்.

உன் தம்பி
லாரியோ

---

சான் ரோமான்
1945 ஜூன் 2

திரு. ஹிலாரியோ தமாயோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் வர வேண்டியதில்லை.

என் கணவரை எங்கே புதைத்தார்கள் என்று தெக்லாவுக்குத் தெரியவில்லை. ஆற்றுத் துறையிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடி, பக்கத்தில் என்ன மரம் என்று மட்டும் தெளிவாக எழுதி அனுப்பவும். நானும் பசிலிசாவும் வந்து எடுத்துக்கொள்கிறோம். மழை பிடிப்பதற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
திருமதி மாக்சிமோ எஸ்பார்தேரோ